சிறுநகரக் கடைக்கும் ஒரு கடிகாரம் உண்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பேர்போன ரொட்டி சானாய் என்னும் வீச்சுரொட்டிக் கடை ஒன்றுக்குக் காலை 11 மணிக்குப் போய் உட்கார்ந்து, “ஊர் சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை” என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு மாவுருண்டை எண்ணெயில் 12 மணி நேரத்துக்கு மேல் கிடந்து தளர்ந்திருக்கும். பருப்புக் குழம்பில் இரண்டு மூன்று முறை தண்ணீர் சேர்ந்திருக்கும். விடியற்காலையிலிருந்து கல்லடியில் நின்ற ரொட்டிக்காரர் பின்பக்கம் உட்கார்ந்து தே (தேநீர்) குடித்துக்கொண்டிருப்பார். கல்லில் நிற்பது அவருடைய கையாள். கடை அதே கடைதான். ஊர் புகழ்கிற ரொட்டி மட்டும் 8 மணிக்கே முடிந்துவிட்டது.

தோட்டப்புறச் சிறுநகரங்களில் கடைகளை எடைபோடப் புறப்படுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். ருசி, விலை, சுத்தம், கவனிப்பு என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுக்கிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதை எழுதுவதில்லை. பெரிய நகரத்து உணவகத்தில் இது அவ்வளவு முக்கியமில்லை. அங்கே குளிர்பதனப் பெட்டியும் முறை மாற்றி வரும் ஆட்களும் சேர்ந்து காலை 7 மணியையும் இரவு 10 மணியையும் ஏறக்குறைய ஒன்றாக்கிவிடுகின்றன. இரண்டு அடுப்பு, ஒரு கல், ஒரு மாவரைக்கும் இயந்திரம், வீட்டு ஆட்கள் மூவர் என்று நடக்கும் கடையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் உச்சம் ஒரு நேரம், சரிவு ஒரு நேரம்.

இந்தக் கடிகாரத்தை முதலில் முடுக்கிவிட்டது பால்மரம். ரப்பர் மரத்தை விடியற்காலையில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. இரவில் இலை வழியே நீர் போவது குறைவு என்பதால் பட்டைக்குள் பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பால் ஓட்டமும் குறையும். அதனால் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, ஆள் கூடும் நேரம் இருட்டு. வெறுந்தேயோடு மரத்துக்குப் போனவருக்குப் பசியாறுவது பிறகுதான், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு உட்காருவது நடுப்பகலில். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ம.இ.கா. என்ற மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். அவர் சுங்கை சிப்புட்காரர் என்பதை ஊரில் யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விடமாட்டார்கள். லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள் தோட்டத்து நேரத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். விடியுமுன் திறந்து பிற்பகல் 2 மணிக்குக் கழுவிக் கவிழ்க்கும் ஒட்டுக்கடைகளின் (சாலையோரச் சிறுகடைகளின்) நேரம் அதுதான்.

அப்புறம் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. குலை வெட்ட வெளிச்சம் வேண்டும், ஆகவே வேலை நேரம் சற்றுப் பின்னே நகர்ந்தது. பிள்ளைகள் ஈப்போ பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள்; இரவு வேலை முடிந்து இறங்குகிறவருக்கும் பசிக்கும். 1994ல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு, ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் இடையே ஓடும் வண்டிகளில் பல ஊருக்குள் நுழைவதே இல்லை. இதனால் நடந்த நல்ல காரியம், கடைகள் போகிற வருகிறவரை நம்பாமல் தினம் வருகிற அதே முகங்களை நம்பி நிற்கின்றன. தினம் வருகிறவரை ஒரு நாள் ஏமாற்றலாம், மறுநாள் முடியாது.

ஆக, ஒரு கடையைப் பற்றி எழுத மூன்று முறையாவது போக வேண்டும்: காலை 6:30க்கு ஒரு தடவை, பகல் 12:15க்கு ஒரு தடவை, கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு தடவை. முதல் இரண்டும் கடையின் திறமையைக் காட்டும். கடைசித் தடவை கடையின் மனசாட்சியைக் காட்டும்.

ரொட்டியும் பருப்பும்

கேட்க வேண்டியது ரொட்டி கோசோங், அதாவது எதுவும் சேர்க்காத வெறும் ரொட்டி மட்டும். முட்டை, வெங்காயம், சார்டின் எல்லாம் மாவின் குறையை மூடிவிடும். முதல் துண்டைக் குழம்பில் தொடாமல் தின்ன வேண்டும்.

கடை அளவில் கணக்கு ஏறக்குறைய இப்படி: 1 கிலோ கோதுமை மாவுக்கு அரை லிட்டரை ஒட்டிய தண்ணீர், 15 கிராம் உப்பு, 2 மேசைக்கரண்டி சீனி, 1 முட்டை, 60 முதல் 80 கிராம் வரை மார்ஜரின் அல்லது நெய். சிலர் கெட்டிப் பாலும் (டின்னில் வரும் இனிப்புப் பால்) கொஞ்சம் விடுவார்கள். நிறம் ஏறுவது அதனால்தான். பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்து, மறுபடி பிசைந்து, 80 முதல் 90 கிராம் உருண்டைகளாக உருட்டினால் 20க்குச் சற்று முன்பின் வரும். உருண்டை எண்ணெயில் ஊறும் நேரம் குறைந்தது 4 மணி. இரவு 10 மணிக்கு உருட்டினால் காலை 6 மணிக்குக் கச்சிதமாக வீச வரும்.

தட்டில் வந்த ரொட்டியைப் பார்த்தே பின்னால் நடந்ததைச் சொல்லிவிடலாம். அளவு சிறுத்து, ஓரம் தடித்து, கடித்தால் ரப்பர்போல் இழுத்தால் உருண்டை ஊறவில்லை. வீசும்போது மாவு சுருண்டு திரும்பியிருக்கும். ரொட்டிக்காரர் பாதியிலேயே மடித்திருப்பார். அடுக்கே இல்லாமல் மொத்தையாக, அங்கங்கே ஓட்டையோடு வந்தால் ஊறியது அதிகம். மாவுக்கு இழுவை போய்விட்டது. விரலில் எண்ணெய் வழிந்தால் கல் சூடேறவில்லை. மேலே கரும்புள்ளி, நடுவில் வெள்ளை மாவு என்றால் கல் அளவுக்கு மேல் சூடு, கடையில் கூட்டமும் அதிகம்.

இவற்றை மன்னிக்கலாம். மன்னிக்கக் கூடாதது, முன்கூட்டியே பாதி வேகவைத்து அடுக்கிய ரொட்டி. கூட்ட நேரத்தைச் சமாளிக்கப் பல கடைகள் இதைச் செய்கின்றன. கேட்ட ஒரு நிமிடத்துக்குள் வந்தால் சந்தேகப்படுங்கள். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரம் தோல்போல் இருக்கும். கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டி நொறுக்குவது அழகுக்காகச் செய்வதில்லை. உள்ளே சிக்கிய ஆவி வெளியேற வழி அது. தட்டாமல் அடுக்கினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி ரொட்டியைச் சவசவப்பாக்கும். இதே காரணத்தால் பொட்டலம் கட்டி வாங்கிப்போய், வீட்டில் பிரித்துத் தின்றுவிட்டு ரொட்டியைக் குறை சொல்வது நியாயமில்லை. பிளாஸ்டிக் பைக்குள் 10 நிமிடம் இருந்தால் எந்த ரொட்டியும் தோற்கும்.

பருப்புதான் பெரிய சோதனை. கடையிலேயே மலிவான பண்டம் அது, சும்மா ஊற்றுவது. ஆகவே முதலில் கை வைப்பதும் அதில்தான். 1 கிலோ பருப்புக்கு 6 லிட்டர் வரை தண்ணீர் தாங்கும். அதற்கு மேல் போனால் தட்டில் ஊற்றி 2 நிமிடம் விட்டுப் பாருங்கள்: நடுவில் மஞ்சள் மேடு, சுற்றிலும் தெளிந்த தண்ணீர் என்று பிரிந்து நிற்கும். மாவு கரைத்துக் கெட்டியாக்கியிருந்தால் பிரியாது, ஆனால் பளபளவென்று மின்னும், ஆறும்போது மேலே ஆடை கட்டும், நாக்கில் வழுக்கும். நல்ல கடைக்காரர் கெட்டிப் பருப்பைத் தனிச் சட்டியில் வைத்துக்கொள்வார். தீரத் தீர வெந்நீர் விட்டுக் கரைத்து, உப்பைச் சரிபார்த்து, கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை போட்டுப் புதிதாகத் தாளிப்பார். காலை 9 மணிக்கு ஒரு கடையில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால், அதை மதிப்புரையில் ஒரு வரியாவது எழுத வேண்டும். அது 20 காசுச் செலவு, செய்கிறவர் குறைவு.

மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் ஊற்றும் டால்சாவை இதோடு ஒப்பிடக் கூடாது. அதில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சில இடங்களில் ஆட்டெலும்பும் சேரும். பட்டை, நட்சத்திர சோம்பு வாசனை முன்னே நிற்கும். அது வேறு குழம்பு, வேறு கை.

தோசைக்கு இந்த ஊர் வெக்கை நண்பன், அதுவே எதிரியும். 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடிச் சோறு என்று ஆட்டி வைத்தால் இங்கே 6 முதல் 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். மாலை ஆட்டியது விடியலுக்குச் சரி. குளிர்பதனத்தில் வைக்காவிட்டால் 11 மணிக்குப் புளிப்பு தலைதூக்கும். பிற்பகல் தோசையின் புளிப்பைச் சிலர் வீட்டு ருசி என்று புகழ்ந்து எழுதுவது வேடிக்கை. தோசை வெளுத்துத் துணிபோல் வந்தால் கல் சூடு போதவில்லை, அல்லது மாவில் தண்ணீர் அதிகம். இன்னொரு குறை சிறுகடைகளுக்கே உரியது. ஒரே கல்லில் ரொட்டியும் தோசையும் போடுவார்கள். ரொட்டிக்குப் பிறகு கல் எண்ணெயில் மிதக்கும். அதில் மாவை ஊற்றித் தேய்த்தால் பிடிக்காமல் கரண்டியோடு சேர்ந்து வரும். தண்ணீர் தெளித்து, வெங்காயத்தாலோ துணியாலோ துடைத்த பிறகு ஊற்றினால்தான் வட்டம் வரும். தடித்து, கோணலாக, நடுவில் கிழிந்த தோசை வந்தால் ஆள் கெட்டிக்காரரா என்று பார்க்குமுன் கல் ஒன்றா இரண்டா என்று பாருங்கள்.

தேங்காய்ச் சட்னியைப் பற்றி ஒரே விஷயம்: அரைத்து 4 மணி நேரம் தாண்டினால் இந்த வெப்பத்தில் அதன் கதை முடிந்தது. மூக்கருகே கொண்டுபோய்விட்டுத் தொடுங்கள்.

தே கேட்பதில் ஒரு சூட்சுமம்

தே தாரேக் எனும் இழுத்து ஆற்றிய பால் தேயின் நுரையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஒரு கடையின் தே எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் முதலில் தே ஓ கோசோங் கேளுங்கள்: பால் இல்லை, சீனி இல்லை, மறைக்க எதுவும் இல்லை. தூள் துணிப்பையில் 4, 5 நிமிடம் ஊறினால் போதும். பையைக் கொதிநீரிலேயே மணிக்கணக்கில் போட்டுவைத்தால் நிறம் கறுத்து, நாக்கின் இரு ஓரமும் பிடித்துக்கொள்ளும் துவர்ப்பு வரும். அதன் மேல் கெட்டிப் பாலை ஊற்றித் தித்திப்பால் மூடிவிடுவார்கள்.

அப்புறம் தாரேக். உயரத்திலிருந்து 4, 5 முறை ஆற்றுவதால் சூடு குடிக்கும் அளவுக்கு இறங்குகிறது, பாலும் தேயும் ஒன்றாகக் கலக்கின்றன, காற்று புகுந்து நுரைக்கிறது. நுரை பொடியாக, குடித்து முடிக்கும்வரை கோப்பை ஓரத்தில் ஒட்டியிருந்தால் ஆற்றியது ஒழுங்கு. பெரிய குமிழிகள் ஒரு நிமிடத்தில் உடைந்து போனால் கடமைக்கு இரண்டு முறை ஊற்றியது. இன்று பல கடைகளில் ‘சூசு’ (பால்) என்று ஊற்றப்படுவது செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்புக் கிரீமர், டின்னில் எழுதியிருக்கும். அதில் தவறில்லை, ஆனால் ஆறிய பிறகு மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டுவது அதனால்தான்.

பகல் இலை

வாழை இலைச் சோற்றுக் கடைக்குப் பேர் வாங்கித் தருவது ஆட்டிறைச்சிப் பிரட்டலோ மீன் குழம்போதான், ஆனால் எடைபோட வேண்டியது மூன்று காய்கறி வகை, ரசம், சோறு. இறைச்சிக்குத் தனி விலை, ஆகவே அதில் கவனம் இருக்கும். இலையில் இலவசமாக வைப்பதில்தான் கை தளரும்.

பாகற்காயை மெல்லிசாக அரிந்து மஞ்சளும் உப்பும் தடவி மொறுமொறுப்பாகப் பொரிப்பது இங்குள்ள கடைகளின் தனி அடையாளம். 12 மணிக்குச் சாப்பிட வருகிறவருக்கு 11:30க்குப் பொரித்தால் மொறுமொறுப்பு இருக்கும். 9 மணிக்கே பொரித்து மூடிவைத்தால் சொந்த ஆவியிலேயே நமத்து, எண்ணெயும் கசப்புமாகத் தொங்கும். கோஸ் பொரியலில் பச்சை வாடையோ, தண்ணீர் கோத்துக்கொண்டதோ தெரிந்தால் மூடிபோட்டு அவித்திருக்கிறார்கள். ரசம் நுரை கட்டியதும் இறக்க வேண்டிய பண்டம். நாள் முழுக்கச் சிறுதீயில் கொதித்தால் மிளகு சீரக வாசனை ஆவியோடு போய், புளியும் உப்பும் மட்டும் மிஞ்சும். 12:15க்கும் 2 மணிக்கும் ஒரே கடையில் ரசம் வாங்கிக் குடித்துப் பார்த்தால் இந்த ஒரு பாடம் போதும்.

இதில் நாளும் முக்கியம். வெள்ளிக்கிழமை வீட்டில் கவிச்சி சமைக்காத குடும்பங்கள் இங்கே நிறைய. அன்று கடைக்கு வருகிறவர்கள் சாம்பாரையும் காய்கறியையும் நம்பியே வருகிறார்கள். சமையல்காரரும் அதற்கேற்ப மெனக்கெடுவார். புரட்டாசியில் இது இன்னும் கூடும். ஒரு கடையின் காய்கறிச் சமையலைத் தெரிந்துகொள்ள வெள்ளி, இறைச்சியைத் தெரிந்துகொள்ள ஞாயிறு. மாற்றிப் போய்விட்டுக் குறை சொன்னால் கடைக்காரர் சிரிப்பார்.

பிரட்டலுக்கு வருவோம். கடைகளில் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வரும் இறைச்சி. உள்ளூர் வெள்ளாடு விலை அதிகம், போடுகிற கடை அதைச் சொல்லிக்கொள்ளும். 1 கிலோ எலும்போடு கூடிய இறைச்சிக்கு 250 முதல் 300 கிராம் சின்ன வெங்காயம், இஞ்சியும் பூண்டும் அரைத்தது 80 கிராம், மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், சோம்பு, மிளகு, பட்டை, கறிவேப்பிலை. வெங்காயம் கரைய வதங்கி, மசாலா எண்ணெய் கக்கிய பிறகே இறைச்சி இறங்க வேண்டும். அது தானே விடும் தண்ணீரில் பாதி வெந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் தெளித்து, ஒன்றரை மணி நேரம் போல் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விலை அதிகம் என்று புலம்புமுன் இந்தக் கணக்கையும் நினைவில் வையுங்கள்.

குறுக்கு வழி, இறைச்சியைத் தனியே வேகவைத்துப் பரிமாறும் முன் மசாலாவில் புரட்டுவது. கண்டுபிடிப்பது எளிது. ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள்: வெளியே கறுப்பு, உள்ளே சாம்பல் வெள்ளை, மென்றால் உப்புகூட உள்ளே ஏறியிருக்காது. மசாலாவோடு சேர்த்தே வேகவைத்த பிரட்டலில் நார்களுக்கு இடையே மசாலா நிறம் தெரியும். கறுப்பு நிறத்தையும் நம்பிவிடக் கூடாது. கெட்டி சோயா விட்டுக் கறுக்கவைக்கலாம். அப்போது பின்ருசியில் ஒரு தித்திப்பு வரும், மிளகின் காரம் வராது.

மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு ஆகியவை இப்போது ‘தோட்டத்துச் சாப்பாடு’ என்ற பெயரில் இலைக்கு வருகின்றன. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறார்கள். கிழங்கு கண்ணாடிபோல் கெட்டியாக, நடுவில் நரம்போடு வந்தால் முற்றல், அல்லது பிடுங்கி நாளாகிவிட்டது. நன்றாக வெந்தது விரல் பட்டால் வெடித்து மாவாக உதிரும்.

எழுதும்போது

கடையின் புகழ் பலகையில் இருக்கலாம், ருசி ஒரு ஆளின் கையில் இருக்கிறது. அவர் ஊருக்குப் போய்விட்டால், அல்லது பெர்மிட் முடிந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டால், பிரட்டல் மாறிவிடும். ஆகவே தேதி, கிழமை, மணி, கல்லிலோ அடுப்பிலோ நின்றது முதலாளியா வேலையாளா, இந்த நான்கையும் மதிப்புரையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. விலையை ‘மலிவு’ என்று எழுதாமல் வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் மாறினாலும் படிப்பவர் ஒப்பிட்டுக்கொள்வார். கோழி, தேங்காய், வெங்காயம் மூன்றும் வெளிச்சந்தையோடு ஏறி இறங்குபவை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி, 2024 மே மாதத்தில்தான் திறந்தது. அந்த மாதங்களில் சாம்பாரில் வெங்காயம் குறைந்ததென்று ஒரு கடையைக் குற்றம் சொல்லியிருந்தால் அதில் பாதிப் பங்கு கடைக்காரருடையது இல்லை.

சுத்தத்துக்கு நகராண்மைக் கழகம் கொடுக்கும் ஏ, பி, சி தர அட்டை சுவரில் இருக்கும். அதைப் பாருங்கள், அதோடு நிறுத்திவிட வேண்டாம். உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி முடித்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்கின்றன 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள். கல்லடியில் ரொட்டி வீசும் கையே காசும் வாங்குகிறதா, கைகழுவும் தொட்டியில் சோப்பு இருக்கிறதா, கறிச்சட்டிகளுக்கு மூடி இருக்கிறதா என்பவற்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

கடைக்காரரிடம் “இங்க எது ஸ்பெஷல்?” என்று கேட்டால் மீந்திருப்பதைச் சொல்லும் வாய்ப்பு உண்டு. “அண்ணே, மாவு எத்தன மணிக்கு ஆட்டுனது?”, “அக்கா, பிரட்டல் எத்தன மணிக்கு எறங்கும்?” என்று கேளுங்கள். நேரத்தைத் தயங்காமல் சொல்கிறவர் நேரம் பார்த்துச் சமைக்கிறவர். “நீங்க 12 மணிக்கு வாங்க, இப்ப வேண்டாம்” என்று ஒரு அக்கா திருப்பி அனுப்பினால் 12 மணிக்குப் போங்கள். 11:50க்குப் போனால் உட்கார இடமும் கிடைக்கும்.